கிட்டார் தெருவில் ஒரு லாரி பார்ட்ஸ் கடைக்காரர்

"டூப்ளிகேட் வாங்குறதுக்கு ஜப்பான் வரைக்கும் வரணுமா கண்ணு?"

டோக்கியோவில் ஒரு கிட்டார் கடைக்குள் நின்றுகொண்டு என் மகளிடம் நான் கேட்ட கேள்வி இது. கேட்ட மறுநிமிஷமே, மடியில் வைத்திருந்த கிட்டாரைக் கடைக்காரப் பையனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாள். குனிந்து நன்றி சொன்னாள். என் பக்கம் திரும்பி, "வாங்கப்பா, பசிக்குதுல்ல... சாப்பிடப் போலாம்" என்றாள். முகத்தில் கோபமே இல்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.

நான் நாமக்கல்லில் லாரி உதிரி பாகங்கள் விற்றவன். 1980-ல் திறந்த கடை. மூன்று வருஷத்துக்கு முன்புதான் தம்பி மகனிடம் சாவியைக் கொடுத்தேன். அந்தக் கடையில் எந்தக் கெட்ட வார்த்தை வேண்டுமானாலும் பேசலாம்; டிரைவர்கள் பேசாததா? ஆனால், 'டூப்ளிகேட்' என்ற வார்த்தை மட்டும் கூடாது. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பிறகு சொல்கிறேன்.

மகள் டோக்கியோவில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறாள். காலேஜில் படிக்கும்போதே கிட்டார் கற்றுக்கொண்டவள். இந்த வருஷ போனஸில் தனக்கென்று ஒரு நல்ல எலெக்ட்ரிக் கிட்டார் வாங்க ஆசைப்பட்டாள். நானும் மனைவியும் அங்கே போன சமயமாகப் பார்த்து, "அப்பா, நீங்களும் வந்து பாருங்க" என்று கூட்டிக்கொண்டு போனாள். அவளுக்கு என் பணம் தேவையில்லை. ஒரு வார்த்தை 'நல்லாயிருக்கு' என்று சொல்லியிருந்தால் போதும். அதைத்தான் நான் சொல்லவில்லை.

தேநீர்த் தண்ணீரும் கிட்டார்களும்

அந்த இடத்தின் பெயர் ஒச்சனோமிசு. 'தேநீருக்கான தண்ணீர்' என்று அர்த்தமாம். ஒரு காலத்தில் இங்கே இருந்த ஊற்றுத் தண்ணீரை ஷோகன் மன்னருக்குத் தேநீர் போட எடுத்துப் போவார்களாம். ரயில் நிலையத்தை ஒட்டி, பள்ளத்தில் கண்டா ஆறு ஓடுகிறது. பாலத்தில் நின்று பார்த்தால், சுரங்க ரயில் ஒன்று மண்ணுக்குள்ளிருந்து வெளியே வந்து ஆற்றைக் கடந்து மறுபடி மண்ணுக்குள் நுழைகிறது. என் மனைவி அதை மட்டுமே நாலு வீடியோ எடுத்தாள்.

ஸ்டேஷனிலிருந்து மெய்ஜி பல்கலைக்கழகம் பக்கம் இறங்கும் சரிவில் நடந்தால் இரண்டு பக்கமும் கிட்டார் கடைகள். நம் ஊரில் லாரி பாடி கட்டும் பட்டறைகள் வரிசையாக இருக்குமே, அந்த மாதிரி. நடைபாதை வரைக்கும் கிட்டார்கள் தொங்குகின்றன. சரிவு முடிகிற இடத்தில் ஜிம்போச்சோ. அது பழைய புத்தகக் கடைகளுக்குப் பேர்போன பேட்டை.

மகள் ஆசைப்பட்ட கிட்டார் பழுத்த செர்ரிப் பழ நிறத்தில், நடுவில் மஞ்சளாக வெளுத்து, அழகாகத்தான் இருந்தது. "இது லெஸ் பால் மாடல்ப்பா" என்றாள். தலைப்பகுதியில் 'கிரெகோ' என்று எழுதியிருந்தது.

"லெஸ் பால் யாரோட மாடல்?"

"அமெரிக்காவுல கிப்ஸன் கம்பெனியோடது."

"அப்ப இது?"

"ஜப்பான்ல செஞ்ச காப்பி."

அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டுத் தொலைத்தேன்.

ரயிலில் ஒரு கணக்குத் தீர்த்தல்

மறுநாள் மாட்சுமோட்டோ போவதாக முன்பே ஏற்பாடு. ஷின்ஜுகு நிலையத்திலிருந்து 'அசுசா' எக்ஸ்பிரஸில் சுமார் இரண்டரை மணி நேரம். மலைகளும் திராட்சைத் தோட்டங்களும் ஜன்னலில் ஓடின. மகள் எதுவும் பேசாமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். நானே ஆரம்பித்தேன்.

1991-ல் நடந்தது. ஒரு மொத்த வியாபாரி, பேர்போன கம்பெனியின் பிரேக் லைனிங்கை மார்க்கெட் விலையைவிடக் கணிசமாகக் குறைத்துக் கொடுத்தார். அதே நிறப் பெட்டி, அதே எழுத்து, அதே முத்திரை. விலையைக் கேட்டபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். பாதி புரிந்தது என்பதுதான் உண்மை. மீதிப் பாதியை நான் புரிந்துகொள்ள விரும்பவில்லை. வாங்கி விற்றேன். அதை மாட்டிய ஒரு லாரி தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் மலைப்பக்கம் மோதி நின்றது. டிரைவர் தப்பித்தார். கிளீனர் பையனுக்குக் கால் முறிந்து, அன்றிலிருந்து நொண்டித்தான் நடக்கிறார். லைனிங்தான் காரணம் என்று யாரும் நிரூபிக்கவில்லை. என்னை யாரும் கேட்கவும் இல்லை. மிச்சமிருந்த பெட்டிகளை அன்றைக்கு ராத்திரியே உடைத்துப் போட்டேன்.

மனைவிக்குத் தெரியும். மகளுக்கு அன்றுதான் சொன்னேன்.

கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். பிறகு கேட்டாள்: "அந்தப் பெட்டியில யார் பேருப்பா போட்டிருந்துச்சு?"

"பெரிய கம்பெனி பேரு."

"நேத்துப் பாத்த கிட்டார்ல?"

நான் பதில் சொல்லவில்லை.

ஒரிஜினல் மறந்த ஒரிஜினல்

அவள் விளக்கிச் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன்.

கிப்ஸன் கம்பெனி 1952-ல் லெஸ் பால் மாடலைக் கொண்டுவந்தது. அந்தச் செர்ரி நிறக் கிட்டார் வந்தது 1958-ல். அன்றைக்கு அது சரியாக விற்கவில்லை. 1960-க்குப் பிறகு அந்த வடிவத்தையே நிறுத்திவிட்டு, வேறு வடிவத்துக்குப் போய்விட்டார்கள். அந்த மூன்று வருஷத்தில் செய்தது சுமார் 1,500 கிட்டார்கள்தான் என்கிறார்கள். பின்னாடி எரிக் கிளாப்டன், ஜிம்மி பேஜ் போன்றவர்கள் அதைக் கையில் எடுத்த பிறகுதான் உலகமே அதைத் தேட ஆரம்பித்தது. இன்றைக்கு நல்ல நிலையில் இருக்கும் ஒன்றின் விலை, நம் பணத்தில் சில கோடி ரூபாய்.

கிப்ஸன் 1968-ல் லெஸ் பாலை மறுபடி செய்ய ஆரம்பித்தது. ஆனால், 1970-களில் வந்தவை பழைய மாதிரி இல்லை. உடம்பு, அடுக்கடுக்காக ஒட்டிய பலகையானது. ஒரே மரத்தில் செதுக்கிய கழுத்துக்குப் பதில் மூன்று துண்டு ஒட்டிய கழுத்து வந்தது. பின்பக்கம் 17 டிகிரி சாய்ந்திருந்த தலை, 14 டிகிரி ஆனது. கம்பெனிக்கு இதற்கெல்லாம் அதன் காரணங்கள் இருந்தன. உடையாமல் இருக்க வேண்டும், வேகமாகச் செய்ய வேண்டும், செலவு குறைய வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் ஜப்பான் பட்டறைக்காரர்கள், புதிதாக வந்த கிட்டாரை விட்டுவிட்டு 1950-களின் பழைய கிட்டாரை மாதிரியாக எடுத்துக்கொண்டார்கள். மஹோகனி உடம்பு, அதன்மேல் மேடு தட்டிய மேப்பிள் பலகை, கழுத்து உடம்புக்குள் எவ்வளவு ஆழம் இறங்குகிறது, தலை எத்தனை டிகிரி சாய்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் செய்தார்கள். ஹமாமட்சு நகரத்தில் டோக்காய், டோக்கியோவின் கண்டா ஷோகாய் கம்பெனிக்காக மாட்சுமோட்டோவில் தயாரான கிரெகோ என்று பல பெயர்கள். கம்பெனியே கைவிட்டுவிட்ட தன் பழைய வேலையை, கடல் தாண்டி வேறு யாரோ படித்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க சொல்வீங்களேப்பா, பழைய லாரி பார்ட்ஸ்ல இருந்த கனம் இப்ப வர்றதுல இல்லைன்னு" என்றாள். சொல்வேன்தான். தினமும் சொல்வேன்.

மாட்டுத் தொழுவத்தில் தொடங்கிய பட்டறை

மாட்சுமோட்டோ, மலைகள் சூழ்ந்த ஊர். காற்றில் ஈரம் குறைவு; மரம் சீராகக் காய்கிறது. மரச் சாமான்கள் செய்வதில் பழைய பெயர் உள்ள ஊர். தெருவோரங்களில் ஊற்று நீர் குழாயில் கொட்டிக்கொண்டே இருக்கிறது. யார் வேண்டுமானாலும் பிடித்துக் குடிக்கலாம். குழந்தைகளுக்கு வயலின் கற்றுக்கொடுக்கும் 'சுசுகி முறை'யை உலகத்துக்குத் தந்த ஷினிச்சி சுசுகி பள்ளி நடத்தியதும் இங்கேதான்.

1960-ல் ஃபூஜிகென் என்ற கம்பெனி இந்த ஊரில் கிட்டார் செய்யத் தொடங்கியது. முதல் பட்டறை எங்கே தெரியுமா? மாட்டுத் தொழுவத்தில்! நிறுவனர்களில் ஒருவரான யோகோவுச்சி யூய்ச்சிரோ விவசாயக் குடும்பத்துக்காரர். இன்னொரு கம்பெனியான மாட்சுமோகு, முதலில் சிங்கர் தையல் மெஷின்களுக்குப் பெட்டி செய்துகொண்டிருந்தது.

"தையல் மெஷின் பெட்டி செஞ்சவங்களா கிட்டார் செஞ்சாங்க?" என்று மனைவிக்கு ஒரே ஆச்சர்யம். எனக்கு ஆச்சர்யமில்லை. மாட்டுவண்டிக்கு அச்சாணி அடித்தவர்கள்தானே நம் பக்கம் லாரி பாடி கட்டினார்கள்?

1965 வாக்கில் 'தி வென்ச்சர்ஸ்' என்ற அமெரிக்க இசைக்குழு ஜப்பானுக்கு வந்துபோன பிறகு, ஊரெங்கும் 'எலெக்கி' மோகம் பிடித்துக்கொண்டது. எலெக்ட்ரிக் கிட்டாருக்கு அவர்கள் வைத்த செல்லப் பெயர் அது. அந்தக் காலத்து ஜப்பான் கிட்டார்கள் பலதும் மலிவு விலைச் சரக்குதான். அங்கிருந்து பதினைந்து வருஷத்தில் ஒரிஜினலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்கள். காப்பி அடிப்பது அவர்களுக்குப் பள்ளிக்கூடமாக இருந்திருக்கிறது.

அது எல்லாமே சரியா என்றால், இல்லை. கிட்டார் தலையின் வடிவம் அந்தந்தக் கம்பெனியின் அடையாளம். திறந்த புத்தகம் மாதிரி இருக்கும் கிப்ஸனின் தலையையும் சிலர் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். 1977-ல் கிப்ஸனின் தாய் நிறுவனமான நார்லின், 'ஐபனேஸ்' கிட்டார்களை அமெரிக்காவில் விற்ற எல்ஜர் கம்பெனிமீது பிலடெல்பியா கோர்ட்டில் வழக்குப் போட்டது. வழக்கு வருவதற்கு முன்பே ஐபனேஸ் தலையை மாற்றத் தொடங்கிவிட்டது. 1978-ல் சமாதானமாகப் போய்விட்டார்கள். பிறகு ஐபனேஸ் சொந்தமாகவே வடிவமைத்து, உலகப் பெயர் வாங்கிவிட்டது.

"முகத்தை எடுத்தது தப்புதான் கண்ணு" என்றேன்.

"தப்புதாம்ப்பா. நான் இல்லைன்னு சொல்லலையே" என்றாள்.

கதையில் இன்னொரு திருப்பமும் உண்டு. கிப்ஸனுக்குப் போட்டியான ஃபெண்டர் கம்பெனிக்கும் இதே தலைவலி. ஜப்பான் காப்பிகள் அதன் வியாபாரத்தைத் தின்றுகொண்டிருந்தன. ஃபெண்டர் என்ன செய்தது தெரியுமா? 1982-ல் கண்டா ஷோகாய், யமானோ காக்கி என்ற ஜப்பான் கம்பெனிகளோடு கூட்டுச் சேர்ந்து 'ஃபெண்டர் ஜப்பான்' தொடங்கியது. கிட்டார் செய்யும் வேலையை ஃபூஜிகென்னிடமே கொடுத்தது. 1985-ல் ஃபெண்டர் கைமாறியபோது அமெரிக்கத் தொழிற்சாலை புது உரிமையாளர்களுக்குக் கிடைக்கவில்லை. புதுத் தொழிற்சாலை எழும்பும்வரை ஃபெண்டர் பெயரில் வந்த கிட்டார்களில் பெரும்பகுதி ஜப்பானில் செய்தவைதான். காப்பி அடித்தவர் கையால் ஒரிஜினல் பிழைத்திருக்கிறது!

கோட்டை சொன்ன பதில்

மாலையில் மாட்சுமோட்டோ கோட்டைக்குப் போனோம். கறுப்பு நிறம் என்பதால் 'காக்கைக் கோட்டை' என்றும் சொல்கிறார்கள். ஒசாகா, நகோயா கோட்டைகளைப் பின்னாளில் கான்கிரீட்டில் கட்டினார்கள். இது 1590-களிலிருந்து நிற்கும் அசல் மரக்கோட்டை. ஜப்பானில் இப்படிக் கோபுரத்தோடு மிஞ்சியவை பன்னிரண்டுதான். படிகள் ஏணி மாதிரி செங்குத்து. என் மூட்டுகள் இரண்டாவது மாடியிலேயே முறையிட்டன.

1872-ல் இந்தக் கோட்டையை ஏலத்தில் விட்டுவிட்டார்களாம். இடித்து விற்க இருந்ததை, இச்சிகவா ரியோஸோ என்ற ஊர்க்காரர் கோட்டைக்குள்ளேயே கண்காட்சிகள் நடத்திப் பணம் சேர்த்து மீட்டிருக்கிறார். பிறகு 1950 முதல் 1955 வரை கோட்டையைப் பிரித்து, இற்றுப்போன மரங்களை மாற்றித் திரும்பப் பூட்டியிருக்கிறார்கள்.

ஒரு தூணைத் தொட்டுப் பார்த்தேன். இது பழைய மரமா, மாற்றிய மரமா? தெரியவில்லை. மாற்றியவர்கள் பழைய மரத்தைப் பார்த்து, அதே மாதிரி செதுக்கித்தான் மாற்றியிருப்பார்கள். எதை மாற்றினோம் என்பதையும் மறைக்கவில்லை. 400 வருஷத்துக் கோட்டை என்பதும் பொய்யில்லை.

மறுபடியும் அதே கடை

இரண்டு நாள் கழித்து டோக்கியோவில், "அந்தக் கடைக்கு இன்னொரு தடவை போலாமா?" என்று நானே கேட்டேன். கிட்டார் அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது.

இந்த முறை வியாபாரி கண்ணோடு பார்த்தேன். கிட்டாரில் ஓர் அட்டை கட்டியிருந்தது. மகள் படித்துச் சொன்னாள். மாடல் ஈ.ஜி. 500. புதிதில் 50,000 யென் விற்ற கிட்டார் என்று அந்த எண்ணிலேயே தெரிந்துவிடும். தலைக்குப் பின்னால் வரிசை எண், 'ஹெச் 80' என்று தொடங்கியது. ஹெச் எட்டாவது எழுத்து. அதனால் எட்டாவது மாதம். 1980 ஆகஸ்ட். நான் கடை திறந்த வருஷம்!

நான் எதுவும் கேட்பதற்கு முன்பே கடைக்காரப் பையன் கிட்டாரைத் திருப்பி, தந்தி முறுக்கும் சாவிகளைக் காட்டினான். பிறகு முன்பக்கத்து ஸ்விட்சைக் காட்டினான். அட்டையில் அதே இடத்தில் விரல் வைத்தான். "இது ரெண்டும் பழசு இல்லையாம்ப்பா, பின்னாடி மாத்தினதாம். ஓரத்துல ஒரு அடியும் பட்டிருக்காம்" என்றாள் மகள். அவன் காட்டாமல் விட்டிருந்தால் எங்களுக்குத் தெரிந்திருக்காது.

எனக்கு அந்த அட்டையிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. 1991-ல் அந்தப் பெட்டிமேல் நான் கட்டியிருக்க வேண்டிய அட்டை அது. 'இது அந்தக் கம்பெனி சரக்கு இல்லை, விலை அதனால்தான் குறைவு' என்று ஒரு வரி சொல்லியிருந்தால் அந்த டிரைவர் வாங்கியிருக்க மாட்டார். அந்தக் கிளீனர் இன்றும் எங்கள் ஊர்ப் பக்கம்தான் இருக்கிறார். பார்த்தால் வணக்கம் சொல்வார். அவரிடம் நான் இன்னும் எதுவும் சொன்னதில்லை. ஊருக்குப் போனதும் முதல் வேலை அதுதான் என்று அந்தக் கடையில் நின்றபடியே முடிவு செய்தேன்.

"விரல் வைக்கிற இந்தப் பலகை என்ன மரம்?" என்று கேட்டேன்.

"ரோஸ்வுட். முன்னாடி பிரேசில் மரத்துல செஞ்சாங்க. அதுக்குக் கட்டுப்பாடு வந்ததும் எல்லாரும் இந்திய ரோஸ்வுட்டுக்கு வந்துட்டாங்க. நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில இருக்கிற ஈட்டி மரம்ப்பா."

பேரிங் வாங்க வருகிறவர்கள் அதைச் சுற்றிவிட்டுக் காதோரம் வைத்துக் கேட்பார்கள். நல்ல பேரிங்கின் சத்தமே வேறு. மகள் ஒயர் எதுவும் மாட்டாமல் ஒரு தந்தியை மீட்டினாள். நான் குனிந்து கிட்டாரின் ஓரத்தில் காதை வைத்தேன். கடைக்காரப் பையன் சிரிக்கவில்லை. அந்த ஒற்றைச் சத்தம் அடங்க வெகுநேரம் ஆனது. மரம் முழுக்க அது ஓடியது.

"நல்லாயிருக்கு கண்ணு. எடுத்துக்க" என்றேன்.

அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. என் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மனைவிதான் பக்கத்திலிருந்து, "இவ்வளவுதான் விஷயம்னா முதல் நாளே சொல்லியிருக்கலாம்ல? ரெண்டு தடவை ரயில் டிக்கெட் மிச்சம்" என்றாள்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

* ஒச்சனோமிசு கடைகளுக்குக் காலை 11 மணிக்கு மேல் போங்கள். கிட்டாரைத் தொடும் முன் கேளுங்கள். உட்கார ஸ்டூல் போட்டு, அவர்களே சுருதி சேர்த்துக் கொடுப்பார்கள்.

* பழைய கிட்டார் என்றால் அட்டையை முழுசாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஜப்பான் காப்பிமேல் அமெரிக்கப் பெயரை ஒட்டி விற்கும் ஆட்களும் உலகத்தில் உண்டு. அதுதான் நிஜமான டூப்ளிகேட்.

* மாட்சுமோட்டோவுக்குப் போகும் அசுசா ரயிலில் எல்லாமே ரிசர்வ் சீட்தான். ஸ்டேஷனிலிருந்து கோட்டைக்கு நடந்தே போகலாம். மூட்டுவலிக்காரர்கள் கீழே நின்று அகழியில் கோட்டையின் நிழலைப் பார்ப்பதே உத்தமம்.

* வாத்தியங்களில் ஆர்வம் அதிகம் என்றால், ஹமாமட்சுவில் 1995-ல் திறந்த இசைக்கருவி அருங்காட்சியகத்துக்கும் போய் வாருங்கள். நாங்கள் அடுத்த முறைக்கு வைத்திருக்கிறோம்.